64: புவேர்ட்டோ ரிக்கோவின் இருட்டும் ஓர் எண்ணும்

பேட்டரியில் ஓடும் ரேடியோ வைத்துக்கொள். ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டாதே, அந்தப் புகை ஆளைக் கொல்லும். அறுந்து கிடக்கும் கம்பியைத் தொடாதே. ஃபிரிட்ஜை அடிக்கடி திறக்காதே. சில நாளைக்குத் தண்ணீர் சேர்த்து வை. புயல் கையேடுகள் எல்லாம் இப்படித்தான் பேசுகின்றன. தப்பான அறிவுரைகள் இல்லை, உயிர் காப்பவைதான். ஆனால் இங்கே விளிக்கப்படும் இந்த ‘நீ’ யார்? நாலைந்து நாளில் கரண்ட் வந்துவிடும் என்று நம்ப இடமுள்ளவர். அவருக்குச் சொல்ல அரசிடம் தகவல் இருக்கிறது, அவரும் அரசின் கணக்கில் இருக்கிறார். இந்த உறவே அறுந்துபோனால் என்னாகும் என்று கையேடு யோசிப்பதில்லை. 2017இல் புவேர்ட்டோ ரிக்கோவில் நடந்தது அதுதான்.

செப்டம்பர் 20 அன்று மரியா சூறாவளி யபுகோவா அருகே கரையேறி, தீவைக் குறுக்காகக் கடந்து போனது. சுமார் 33 லட்சம் பேர் வாழும் தீவு முழுக்கக் கரண்ட் போயிற்று. செல்போன் கோபுரங்களில் ஏறக்குறைய 95 சதவீதம் செயலிழந்தன. மின்சாரம் எல்லோருக்கும் திரும்பிவர ஏறத்தாழ 11 மாதம் ஆயிற்று. ‘இயற்கைச் சீற்றம்’ என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். பெரிய மின்நிலையங்கள் தெற்கே, ஜனத்தொகை வடக்கே, நடுவில் மலையேறி இறங்கும் பழைய கம்பிகள். அரசு மின் நிறுவனமோ சுமார் 900 கோடி டாலர் கடனோடு, புயலுக்கு இரண்டு மாதம் முன்பே திவால் வழக்கில் நின்றது. தீவின் வரவுசெலவை மேற்பார்த்தது, 2016இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டு உட்காரவைத்த ஒரு வாரியம். 1898 முதல் அமெரிக்காவின் கையிலிருக்கும் இத்தீவில் வாழ்பவர்களுக்குக் குடியுரிமை உண்டு. ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டு கிடையாது.

தகவல் எந்தத் திசையில் ஓடியது என்பதையும் கவனிக்க வேண்டும். தீவு முழுவதற்குமாக ஒலித்துக்கொண்டிருந்தது வாப்பா ரேடியோ, மத்திய அலை 680. சொந்தக்காரர்களைத் தேடியவர்கள் நிலையத்துக்கே நேரில் வந்து சேதி சொன்னார்கள். உமகாவ் பகுதியின் புந்தா சந்தியாகோவில் ஜனங்கள் தண்ணீரும் சாப்பாடும் வேண்டுமென்று ரோட்டின்மேல் பெயிண்டால் எழுதிவைத்தார்கள், ஆகாயத்தில் போகிறவனாவது படிக்கட்டும்னு. நிவாரணத்துக்குப் போனிலும் இணையத்திலும் விண்ணப்பிக்கச் சொன்னது மத்திய அரசு! இருட்டில் இருந்தவர்களுக்குத் தங்கள் நிலை தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தது, அல்லது தெரியாமல் இருக்க முடிந்தது, அதிகாரத்துக்குத்தான்.

அந்தத் தெரியாமையின் பெயர் 64. அக்டோபர் 3 அன்று வந்த டிரம்ப், சாவு 16தான் என்று காத்ரினாவோடு ஒப்பிட்டுப் பெருமைப்பட்டார். டிசம்பரில் அரசுக் கணக்கு 64இல் நின்றது. புயல்சாவு என்று பதிவாக வேண்டுமானால் சான் ஹுவானிலுள்ள தடயவியல் நிறுவனம் உறுதிசெய்ய வேண்டும். பிணம் அங்கே போகவேண்டும், அல்லது மருத்துவர் பிணத்திடம் வரவேண்டும். ரோடே இல்லாத மலைக்கிராமத்தில் யார் யாரிடம் வருவது? ஆக்சிஜன் கருவி நின்று செத்தவர், டயாலிசிஸ் கிடைக்காமல் செத்தவர், இன்சுலின் கெட்டுப்போய்ச் செத்தவர் எல்லாம் ‘இயற்கை மரணம்’ ஆனார்கள். வகைப்பாடு என்பது வெறும் குமாஸ்தா வேலை இல்லை, அதுவே அரசியல்.

2018 மே மாதம் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 3,299 வீடுகளில் கேட்டறிந்து, கூடுதல் சாவுகளைச் சுமார் 4,645 என மதிப்பிட்டார்கள்; பிழை வரம்பு பெரிது. மருத்துவம் தடைப்பட்டதே மூன்றில் ஒரு பங்குச் சாவுக்குக் காரணம் என்றது அந்த ஆய்வு. ஜூனில் ஜனங்கள் சான் ஹுவான் சட்டமன்றத்தின் முன் செத்தவர்களுக்காகச் செருப்புகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள். ஆகஸ்டில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வுக்குப் பின் அரசு 2,975ஐ ஏற்றது. ஏழை ஊர்களிலும் வயதான ஆண்களிடையேயும் ஆபத்து நீடித்தது என்றும் அந்த ஆய்வு சொன்னது.

மலையூரான அட்ஹுந்தாஸில் 1980இல் சுரங்கத் திட்டத்தை எதிர்த்துத் தொடங்கிய காசா புவெப்லோ என்ற மக்கள் அமைப்பு, 1999 முதலே தன் கட்டிடத்தில் சூரியத் தகடுகள் வைத்திருந்தது. மரியாவுக்குப் பின் அங்கே வெளிச்சம் இருந்தது. மூச்சுக்கருவியை ஓட்ட, போனுக்குச் சார்ஜ் ஏற்ற, சேதி கேட்க ஊர் அங்கே கூடியது. கையேட்டின் ‘நீ’ இங்கே ‘நாம்’ ஆயிற்று. இதை அரசின் பொறுப்பைக் கழற்றிவிடும் சுயஉதவிப் புராணமாக வாசிக்கக் கூடாது. மின்சாரம் யார் கையில், கணக்கு யார் கையில் என்ற கேள்வியை அது கேட்கிறது.

2022 செப்டம்பரில் ஃபியோனா சூறாவளி வந்தபோது தீவு முழுக்க மறுபடி இருண்டது. ரேடியோவுக்குப் பேட்டரி வாங்கி வைப்போம், சரி. பக்கத்து வீட்டில் யாருக்கு எந்த மெஷினில் உயிர் ஓடுகிறது என்று நாமே எழுதி வைத்துக்கொள்வதும், செத்தவர் பெயரை நாமே குறித்து வைப்பதும் அதே அளவு அவசியம். அப்போதுதான் 64 என்று சொல்பவர்களிடம் பெயர் பெயராக எதிர்க்கணக்குக் காட்ட முடியும்.