இறங்காத ஆட்டங்களின் விலை: கொல்கத்தா அணியும் மாற்று விக்கெட் கீப்பரின் மதிப்பும்

2024 ஐபிஎல் பருவத்துக்கு மிட்செல் ஸ்டார்க்கைக் கொல்கத்தா நைட் ரைடர்ஸ் 24.75 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. அதே அணியில் இருந்த ரஹ்மானுல்லா குர்பாஸின் விலை 50 லட்சம். லீக் சுற்று முழுவதிலும் அவர் ஒரு பந்தைக்கூடச் சந்திக்கவில்லை. ஆனால் மே 21 அன்று அகமதாபாத்தில் நடந்த முதல் தகுதிச்சுற்றிலும், மே 26 அன்று சேப்பாக்கத்தில் நடந்த இறுதியாட்டத்திலும் விக்கெட் கீப்பராக நின்று, இன்னிங்ஸையும் தொடங்கியவர் அவர்தான். கொல்கத்தா கோப்பையை வென்றது.

இத்தகைய ஆட்டக்காரருக்கு ஏலத்தில் எப்படி விலை வைப்பது? அவர் எத்தனை ஆட்டங்களில் இறங்குவார், இறங்கினால் எவ்வளவு தருவார் என்ற இரண்டையும் பெருக்கிப் பார்ப்பதே வழக்கமான கணக்கு. அந்தக் கணக்கு மாற்று ஆட்டக்காரரின் மதிப்பைக் குறைத்தே காட்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். ஜேசன் ராய் விலகியதால் 2024 மார்ச்சில் இங்கிலாந்து விக்கெட் கீப்பர் ஃபில் சால்ட் 1.5 கோடிக்குச் சேர்க்கப்பட்டார்; டிசம்பர் ஏலத்தில் அவரை யாரும் எடுத்திருக்கவில்லை. 12 ஆட்டங்களில் 182 ஸ்டிரைக் ரேட்டில் 435 ரன் எடுத்தார். மே 22இல் பாகிஸ்தானுடன் இங்கிலாந்தின் டி20 தொடர் தொடங்கவிருந்ததால், பிளே-ஆஃபுக்கு முன்பே நாடு திரும்பினார். இங்கிலாந்தின் அந்தக் கோடைக்கால அட்டவணை சால்ட் அணியில் சேரும் முன்பே வெளியானது. காயம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இந்த வெற்றிடம் எந்த வாரத்தில் வரும் என்பது முன்பே தெரிந்திருந்தது. பருவத்திலேயே மிக முக்கியமான வாரம் அது. இறங்கப்போகும் ஆட்டங்களை எண்ணுவதோடு நிற்காமல், அவை எந்த ஆட்டங்கள் என்றும் கேட்டால்தான் குர்பாஸின் உண்மையான விலை தெரியும்.

இரண்டாவது, வெளிநாட்டு ஆட்டக்காரர் நால்வருக்கு மேல் களமிறங்கக் கூடாது என்ற விதி. இங்கே 2012ஆம் ஆண்டு இறுதியாட்டமே சிறந்த பாடம். அதுவும் சேப்பாக்கத்தில்தான் நடந்தது, எதிரணி சென்னை. காயத்தால் லட்சுமிபதி பாலாஜி ஆட முடியவில்லை. வேகப்பந்துக்கு பிரெட் லீ உள்ளே வந்தார். காலிஸ், நரைன், ஷாகிப் ஏற்கெனவே அணியில் இருந்ததால் பிரெண்டன் மெக்கல்லம் வெளியேற வேண்டியதாயிற்று. அந்த இடத்தில் இறங்கிய மன்விந்தர் பிஸ்லா 48 பந்தில் 89 ரன் எடுத்தார். 191 என்ற இலக்கைக் கொல்கத்தா இரண்டு பந்து மீதமிருக்க எட்டியது. ஒரு பந்துவீச்சாளரின் காயம் ஒரு விக்கெட் கீப்பரைக் களத்துக்குக் கொண்டுவந்தது. பிஸ்லா இந்தியர் என்பதாலேயே லீயை ஆட வைக்க முடிந்தது. தனக்கு முன்னால் இருப்பவரின் இடத்தை நிரப்புவதோடு, அணியை வேறு வகைகளில் அமைக்கவும் வழி திறப்பவர் மாற்று ஆட்டக்காரர்.

இந்த அளவுகோலில் 2024ஆம் ஆண்டு அணியின் கே.எஸ். பரத்தையும் மதிக்க வேண்டும். 50 லட்சத்துக்கு வந்த அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. இருந்தும் அவர் இருந்ததால்தான், தேவைப்பட்டால் நான்காவது வெளிநாட்டு இடத்தை வேறொருவருக்குத் தரும் வழி அணித் தலைமையிடம் இருந்தது. குர்பாஸ், பரத் இருவருக்கும் சேர்த்து ஒரு கோடி; அணியின் மொத்தத் தொகையான 100 கோடியில் நூற்றில் ஒரு பங்கு. இதை நான் சிக்கனம் என்று சொல்ல மாட்டேன், மிகத் தெளிந்த முதலீடு என்பேன்.

எதிர்வாதம் வலுவானதுதான். 2024 இறுதியாட்டத்தில் ஐதராபாத்தை 113 ரன்னுக்குச் சுருட்டியவர்கள் பந்துவீச்சாளர்கள். குர்பாஸின் 32 பந்து 39 ரன் இல்லாவிட்டாலும் ஆட்டம் கைமாறியிருக்காது என்று சொல்லலாம். முடிவைப் பார்த்துவிட்டு மதிப்பை ஏற்றுவது ஆய்வுக்கு ஆகாது. கூடைப்பந்திலிருந்து இதற்கு ஒரு சான்று தரலாம். 2025 ஜூன் 22 அன்று என்பிஏ இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், இண்டியானா பேசர்ஸின் பாயிண்ட் கார்டு டைரீஸ் ஹாலிபர்டன் முதல் கால்பகுதியிலேயே காயமடைந்தார். மாற்று வீரர் டி.ஜே. மெக்கானல் 16 புள்ளி எடுத்தும், அணி 103-91 என ஓக்லஹோமா சிட்டியிடம் தோற்றது. அதனால் மெக்கானலின் மதிப்பு குறைந்துவிடவில்லை. மாற்று ஆட்டக்காரர் வெற்றிக்கு உத்தரவாதம் தருவதில்லை. சரிவு எவ்வளவு ஆழமாகும் என்பதற்கு ஒரு வரம்பு வைக்கிறார். அளக்க வேண்டியது அந்த வரம்பையே.

கொல்கத்தாவின் அடுத்த பருவம் அதன் மறுபக்கத்தைக் காட்டியது. 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் சால்ட்டை பெங்களூரு 11.5 கோடிக்கு எடுத்துக்கொண்டது. கொல்கத்தா குவின்டன் டி காக்கை 3.6 கோடிக்கும் குர்பாஸை 2 கோடிக்கும் வாங்கியது. இருவரும் 13 ஆட்டங்களைப் பங்கிட்டுக்கொண்டு 226 ரன் எடுத்தார்கள். அணி எட்டாம் இடத்தில் முடிந்தது. சரிவுக்குக் காரணங்கள் பல. எனினும் முதலாமவர் பலமாக இருக்கும்போதுதான் இரண்டாமவரின் மதிப்பு முழுமையாக வெளிப்படும். இரண்டு மாற்று ஆட்டக்காரர்கள் சேர்ந்தாலும் ஒரு சால்ட் ஆகிவிடுவதில்லை.

2025 முதல் களமிறங்கும் ஒவ்வொருவருக்கும் ஆட்டத்துக்கு 7.5 லட்சம் ரூபாய் தனிக் கட்டணம் தரப்படுகிறது. வரவேற்க வேண்டிய ஏற்பாடுதான். ஆனால் அது காத்திருப்பவருக்கும் ஆடுபவருக்கும் இடையிலான தூரத்தை இன்னும் கூட்டுகிறது. இரண்டு மாதங்கள் வலைப்பயிற்சியிலேயே தன்னைத் தயாராக வைத்திருந்து, தகுதிச்சுற்றன்று முதன்முறையாகக் கையுறை அணிபவரின் உழைப்பும் உழைப்பே. குறைந்தது மாற்று விக்கெட் கீப்பருக்காவது அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கை வாரியம் ஒதுக்க வேண்டும்.