கணுக்கால் மூட்டுக்குள் செலுத்தும் மருந்து

மூட்டுக்குள் மருந்து செலுத்திப் படமெடுக்கும் முறை, சி.டி. ஸ்கேனைவிட வயதில் மூத்தது. 1895-இல் ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்ததும் எலும்பு துலங்கியது; அதன் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு மட்டும் படத்தில் விழவில்லை. 1905-இல் வெர்ன்டார்ஃபும் ராபின்சனும் முழங்காலுக்குள் ஆக்சிஜனைச் செலுத்திப் பார்த்தனர். பின்னர் கதிரைத் தடுத்து வெண்மையாகத் தெரியும் அயோடின் மருந்து வந்தது.

1971-இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி லண்டனில் முதலில் படம்பிடித்தது ஒரு நோயாளியின் மூளையை. கணுக்காலுக்கு அதன் பயன் பெரிது. அங்கே தாலஸ் எலும்பின் வளைந்த மேற்பரப்பு மற்ற எலும்புகளுக்கு நடுவே புதைந்திருக்கிறது. சாதாரண எக்ஸ்ரேயில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழ, தாலஸ் உச்சியின் சிறு விரிசல் தப்பிவிடும். சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போட்ட கால் மாதக்கணக்கில் ஆறாமலிருக்க இதுவும் ஒரு காரணம்.

சி.டி.யிலும் குருத்தெலும்பும் மூட்டு நீரும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். எனவே கணுக்காலின் முன்பக்கம் நாடித்துடிப்பு இருக்குமிடத்தை விலக்கி, மெல்லிய ஊசி வழியே சில மில்லி மருந்தைச் செலுத்துகிறார்கள். பாதத்தை மேலும் கீழும் அசைத்தால் மருந்து மூட்டு முழுக்கப் பரவும். ஒரு மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள குருத்தெலும்பில் வெடிப்பு இருந்தால், அதற்குள் வெண்கோடாக இறங்கும்.

இரத்தநாளத்தில் ஏற்றும் மருந்து வேறு வேலைக்கு: சீழ், கட்டி, இரத்தக்குழாய் ஆகியவற்றைப் பார்க்க. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைக் கேட்பது முக்கியமாக இதற்காகத்தான். இரண்டுக்கும் ‘கான்ட்ராஸ்ட்’ என்ற ஒரே பெயர் வழங்குவதால் நோயாளிகள் குழம்புவது இயல்பு. விளக்கிச் சொல்வது மருத்துவமனையின் கடமை.

இத்தகைய சோதனைக்குப் பெரிய மருத்துவமனை வேண்டும். கடலூர்க்காரர்களுக்கு நெடுங்காலம் பெரிய சிகிச்சை என்றால் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைதான். 1985-இல் அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி தொடங்கியபின் சிதம்பரத்துக்கு அருகிலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கிடைத்தது. 2021-இல் அது அரசு கடலூர் மாவட்ட மருத்துவக் கல்லூரியாயிற்று. கோயில் கோபுரங்களில் 108 நடனக் கரணங்களைச் செதுக்கி வைத்த சிதம்பரத்துக்குக் கணுக்கால் சிறிய விஷயமல்ல. நடனத்தில் குதிகால் தூக்கி விரலூன்றும் குஞ்சித நிலையில் தாலஸின் பின்முனை நெருக்குண்ணும். மாநிலத்தின் அரசு மருத்துவமனைகளில் சி.டி. ஸ்கேன் மையங்களை நடத்துவது 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்.

குருத்தெலும்பையும் தசைநாரையும் பார்க்க இன்று எம்.ஆர்.ஐ. முந்திக்கொண்டது. ஆனால் முறிவுக்குப் பிளேட், ஸ்க்ரூ வைத்த கணுக்காலில் உலோகம் எம்.ஆர்.ஐ. படத்தைக் கலைத்துவிடும்; சிலவகை பேஸ்மேக்கர் உள்ளவரை அக்கருவிக்குள் அனுப்ப முடியாது. இவர்களுக்கு மூட்டுக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. இன்னும் கைகொடுக்கிறது.