மெல்லக் கரையும் மாத்திரையும் நம் உரிமையும்

"கவர்மென்ட் மாத்திரை கேக்காது, கம்பெனி மாத்திரைதான் கேக்கும்." கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள நம் சேரிகளில் இந்தப் பேச்சு புதிதல்ல. மனச்சோர்வுக்கான மருந்தை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். இந்தப் பேச்சை நம்பும் ஒப்பந்தத் தொழிலாளி, கூலியில் ஒரு பங்கை மருந்துக்கடைக்குக் கொடுக்கிறார். முடியாதபோது பாதியில் நிறுத்திவிடுகிறார். எனவே இதில் எவ்வளவு உண்மை என்று வரலாற்றைக் கேட்போம்.

புப்ரோபியான் என்ற மருந்தை 1969இல் உருவாக்கியவர் நரிமன் மேத்தா. 'வெல்புட்ரின்' என்ற பெயரில் 1985இல் அமெரிக்கா அனுமதித்தது. சிலருக்கு வலிப்பு வந்ததால் 1986இல் சந்தையிலிருந்து எடுத்தார்கள். உச்ச அளவைக் குறைத்து 1989இல் மீண்டும் விட்டார்கள். மருந்து ஒரேயடியாக ரத்தத்தில் ஏறுவதுதான் ஆபத்து. 1996இல் மெல்லக் கரையும் எஸ்.ஆர். வந்தது, மூன்று வேளை இரண்டானது. 2003இல் எக்ஸ்.எல். வந்தது, ஒரு வேளை போதும். மருந்து ஒன்றே, கரையும் வேகம்தான் வேறு. இத்தகைய மாத்திரையைப் பொடித்தோ மென்றோ விழுங்கக் கூடாது. நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

2006 டிசம்பரில் எக்ஸ்.எல். 300 மில்லிகிராமுக்கு 'புடெப்ரியான்' என்ற மலிவு மாத்திரை அனுமதி பெற்றது. சோதித்ததோ 150 மில்லிகிராமை மட்டுமே. மாத்திரை மாறியதும் சோர்வு திரும்பியதாக நோயாளிகள் புகார் செய்தார்கள். நோயே அப்படித்தான் ஏறி இறங்கும் என்று 2008இல் அரசு அமைப்பு பதில் சொன்னது. பிறகு அதுவே நடத்திய சோதனையில் அந்த மாத்திரை தோற்றது. 2012இல் சந்தையை விட்டுப் போனது. நோயாளிகள் சொன்னதே சரி.

அப்படியானால் ஜெனரிக் எல்லாம் மட்டமா? இல்லை. தோற்றது, அந்த அளவில் சோதிக்கப்படாத ஒரு மாத்திரை.

நம் நாட்டுக் கதையைப் பாருங்கள். ராஜகோபால அய்யங்கார் 1959இல் தந்த அறிக்கையின் வழியில் வந்த 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம், மருந்துக்கல்ல, செய்முறைக்கே காப்புரிமை என்றது. அதனால்தான் ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் வேறு வழிகளில் செய்தன, விலை இறங்கியது. 2005இல் மருந்துக்கே காப்புரிமை திரும்பியது. அதற்கு முன்பே, 2001இல் 'புரோசாக்' காப்புரிமை முடிந்தபோது, அதன் ஜெனரிக்கான ஃப்ளூவாக்ஸெடின் 40 மில்லிகிராமை அமெரிக்காவில் 180 நாள் தனியுரிமையோடு விற்றது ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ். அமெரிக்கர் நம்பி விழுங்கியதும் ஜெனரிக்தான்.

1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும் ஜெனரிக் மருந்தையே மொத்தமாக வாங்கி, ஆய்வகத்தில் சோதித்து அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளை அங்கே இலவசமாகத் தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. ஃப்ளூவாக்ஸெடினும் எஸ்சிட்டலோபிராமும் அப்பட்டியலில் உள்ளன.

தோழர்களே, "ஸ்டாக் இல்லை" என்றால் சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரை மாறி உடம்போ மனமோ மாறினால், நீங்களாக நிறுத்தாதீர்கள். அட்டையிலுள்ள பெயரையும் பேட்ச் எண்ணையும் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். மலிவான மருந்தும் நம் உரிமை, சோதித்த மருந்தும் நம் உரிமை.