திறந்த கதவும் ஒரு வரலாற்றாசிரியரும்

2003 மார்ச்சில் அமெரிக்கப் படைகள் ஈராக்கிற்குள் பிரவேசித்த நாட்களில், பத்திரிகை அலுவலகத்தில் வந்து குவிந்த வெளிநாட்டுச் செய்திகளுக்கு மத்தியில் நான் மீண்டும் எடுத்து வாசித்த நூல் 1959 இல் வெளியானது. வில்லியம் அப்பிள்மன் வில்லியம்ஸ் எழுதிய 'அமெரிக்க இராஜதந்திரத்தின் துன்பியல்' தான் அது.

அமெரிக்க வெளியுறவுக் கொள்கையை மூன்று எண்ணங்கள் வழிநடத்துகின்றன என்கிறார் வில்லியம்ஸ். பிற மக்களுக்கு உதவவேண்டும் என்பது ஒன்று. அவர்கள் தங்கள் விதியைத் தாங்களே தீர்மானிக்கவேண்டும் என்பது இரண்டாவது. ஆனால், அமெரிக்காவின் வழியைப் பின்பற்றாமல் எவரும் தங்கள் பிரச்சினைகளை உண்மையில் தீர்த்துவிடமுடியாது என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது எண்ணம் முதலிரண்டையும் விழுங்கிவிடுகிறது. அவர் காட்டும் உதாரணம் கியூபா. 1898 இல் ஸ்பெயினிடமிருந்து அதை விடுவித்த அமெரிக்கா, 1901 ஆம் ஆண்டின் பிளாட் திருத்தத்தின் மூலம் அங்கு தலையிடும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. 1934 வரை அந்த நிலை நீடித்தது.

அவரது விளக்கத்தின் மையம் 1899 இல் இராஜாங்கச் செயலாளர் ஜோன் ஹே வல்லரசுகளுக்கு அனுப்பிய 'திறந்த கதவு' குறிப்புகள். சீனாவில் எல்லா நாடுகளுக்கும் சமமான வர்த்தக வாய்ப்பு வேண்டும் என்று அவை கோரின. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான கோரிக்கை. ஆனால், பொருளாதார வலிமை மிக்க நாட்டுக்குக் கதவு திறந்திருந்தாலே போதும். நிலத்தைப் பிடித்து ஆளுநரை நியமிக்கவேண்டிய தேவை இல்லை. குடியேற்ற நாடுகள் இல்லாமலே ஒரு சாம்ராஜ்யம் சாத்தியம் என்பதே வில்லியம்ஸின் வாதம்.

இதைச் சொன்னவர் இடதுசாரி முகாமில் வளர்ந்தவர் அல்ல. 1921 இல் ஐயோவா மாநிலத்தின் சிற்றூரொன்றில் பிறந்தவர். இராணுவ விமானியான தந்தையைச் சிறுவயதிலேயே விபத்தில் இழந்தவர். அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் பயின்று பசிபிக் போர்முனையில் பணியாற்றியவர். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1957 முதல் அங்கேயே கற்பித்தார். 1961 இல் வெளியான அடுத்த பெருநூல் அச்சேறுவதற்கு முன்னரே அதன் கையெழுத்துப் பிரதியை ஒப்படைக்குமாறு, அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரித்த பிரதிநிதிகள் சபைக் குழு அழைப்பாணை விடுத்தது. வரலாற்று நூலொன்றின் பிரதிக்கு அழைப்பாணை!

குறைகள் இல்லாமலில்லை. கெடுபிடிப் போரின் தொடக்கத்தில் ஸ்டாலினுக்கு இருந்த பங்கை அவர் குறைத்தே மதிப்பிட்டார் என்பது என் அபிப்பிராயம். சந்தைகளைத் தேடுவதே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்ற நம்பிக்கையும் அவரிடம் மிகையாக இருந்தது. வில்லியம்ஸ் உட்பட ஏழு வரலாற்றாசிரியர்கள் ஆவணங்களைத் திரித்ததாக 1973 இல் ரொபேர்ட் மடொக்ஸ் குற்றஞ்சாட்டியபோது பெரும் சர்ச்சை எழுந்தது. அதே வேளை, அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடிய புதிய இடதுசாரி மாணவர்களுடனும் அவர் முழுமையாக ஒத்துப்போகவில்லை. பழமைவாதியான ஜனாதிபதி ஹேர்பேர்ட் ஹூவரை மதித்த மனிதரல்லவா! 1968 இல் விஸ்கொன்சினை விட்டு ஒரேகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அவர், 1980 இல் 'வாழ்க்கை முறையாகச் சாம்ராஜ்யம்' என்ற நூலை எழுதினார். 1990 இல் காலமானார்.

'துன்பியல்' நூலின் ஐம்பதாவது ஆண்டுப் பதிப்பு 2009 இல் வெளிவந்தது. அதற்குப் பின்னுரை எழுதியவர் வியட்நாமில் போரிட்ட ஓய்வுபெற்ற இராணுவ கேணலான அன்ட்ரூ பேசெவிச். தன்னைப் பழமைவாதி என்றே கூறிக்கொள்பவர். ஈராக் போரை எதிர்த்து எழுதிவந்த அவரது மகன், 2007 இல் அதே போரில் அமெரிக்கப் படையதிகாரியாகக் கொல்லப்பட்டிருந்தார்.