வேலை விளம்பரத்தை நம்பலாமா? அடையாள அட்டையை எப்போது காட்டலாம்?

உங்கள் புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு செய்தி வருவதாக வைத்துக்கொள்வோம்: “செனோக்கோ கிடங்கில் பகுதிநேர வேலை. நாளுக்கு 180 வெள்ளி. அனுபவம் தேவையில்லை. ஆர்வமுள்ளோர் அடையாள அட்டையின் இரு பக்கப் படத்தையும் வங்கிக் கணக்கு எண்ணையும் அனுப்பவும்.”

உட்லண்ட்ஸ் வாசிகளுக்கு இதில் உறுத்த எதுவும் இல்லை. செனோக்கோ பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே கிடங்குகளும் உணவுத் தொழிற்சாலைகளும் இருப்பது எல்லாருக்கும் தெரியும். செய்தியை அனுப்பியவர் பக்கத்து புளோக் அக்கா. அவருக்கு அனுப்பியவர் அவருடைய தோழி. முதன்முதலில் அதை எழுதியவர் யார் என்று கேட்டால் மட்டும் குழுவில் ஒருவருக்கும் தெரியாது. செய்தித்தாளில் வேலை விளம்பரம் வந்த காலத்தில், விளம்பரம் கொடுத்தவர் பணம் கட்டி, பெயரும் முகவரியும் விட்டுச் சென்றிருப்பார். இன்று அந்தச் சுவடுகூட இருப்பதில்லை.

வேலை தேடுவோர் வழக்கமாகக் கேட்பது ஒரே கேள்வி: “இந்தத் தளம் நம்பகமானதா?” நல்ல கேள்விதான். ஆனால் அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும். “நான் கொடுக்கும் விவரம் யார் கைக்குப் போகும், எத்தனை காலம் அங்கே இருக்கும்?” முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தாலும், இரண்டாவது கேள்வி தீர்ந்துவிடுவதில்லை.

2021ல் நடந்ததைப் பாருங்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி, என்டியுசியின் வேலை நியமன, வேலைத்தகுதிக் கழகமான இ2ஐ ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதன் சேவைகளைப் பயன்படுத்திய ஏறத்தாழ 30,000 பேரின் விவரங்கள் வெளியார் கைக்குப் போயிருக்கக்கூடும் என்றது அறிவிப்பு. இ2ஐ போலித் தளம் அல்ல. வேலைச் சந்தை நடத்தி, தொழில் ஆலோசனை தந்து, பயிற்சிக்கு வழிகாட்டும் தொழிற்சங்க அமைப்பு. தவறு நேர்ந்தது அதன் தொடர்பு நிலையப் பணிகளைக் கவனித்துவந்த ஐ-விக் இன்டர்நேஷனல் என்ற நிறுவனத்தில். அங்கே ஒரு மின்னஞ்சல் பெட்டிக்குள் தீங்குநிரல் புகுந்துவிட்டது. அந்தப் பெட்டியில் மக்களின் பெயர், அடையாள அட்டை எண், தொடர்பு விவரம், கல்வித்தகுதி, வேலை விவரம் எல்லாம் இருந்தன. 2018 நவம்பர் முதல் 2021 மார்ச் வரை அச்சேவைகளைப் பயன்படுத்தியவர்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கூறப்பட்டது.

இதில் இரண்டு விஷயம் கவனிக்கத்தக்கது. வேலை தேடிப் போனவர்கள் விவரம் கொடுத்தது இ2ஐயிடம். ஐ-விக் என்ற பெயரையே அவர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அடுத்தது, ஐ-விக்கிடமிருந்து இ2ஐக்குத் தகவல் வந்தது மார்ச் 12. மக்களுக்குத் தெரிந்தது ஏப்ரல் 5. விசாரணைக்கு நேரம் பிடிக்கும் என்பது புரிகிறது. ஆனாலும் அந்த 24 நாள்களில் ஒருவர் உங்களை அழைத்து, உங்கள் பெயர், படிப்பு, கடைசியாகப் பார்த்த வேலை எல்லாவற்றையும் சரியாகச் சொல்லியிருந்தால், நீங்கள் அவரை நம்பியிருக்க மாட்டீர்களா?

கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்தது இன்னும் பெரியது. 2017 அக்டோபரில், மலேசியாவின் லோயாட் டாட் நெட் தளம் ஒரு தகவல் திருட்டை வெளிக்கொண்டுவந்தது. விற்பனைக்கு வந்திருந்த பட்டியல்களில் ஜாப்ஸ்டிரீட் பயனாளர்களின் விவரங்களும் இருந்தன. கிட்டத்தட்ட 4 மில்லியன் மின்னஞ்சல் முகவரிகள். கூடவே பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, அடையாள எண், கைபேசி எண். அந்தத் தகவல்கள் 2012 மார்ச் காலத்தவை. வேலை கிடைத்து, இரண்டு கம்பெனி மாறி, அந்தத் தளத்தையே மறந்துபோனவரின் விவரம் ஐந்து ஆண்டு கழித்துச் சந்தைக்கு வந்திருக்கிறது. ஜாப்ஸ்டிரீட் அன்றும் இன்றும் பெயர்பெற்ற தளம்தான்.

அதற்காக எந்தத் தளத்தையும் பயன்படுத்தக் கூடாது என்று சொல்ல வரவில்லை. எதைப் பார்த்து நம்புவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தளம், விளம்பரம், முகவர்

சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் முதலில் பார்க்க வேண்டியது மைகரியர்ஸ்ஃபியூச்சர். ஊழியரணி சிங்கப்பூர் அமைப்பு நடத்தும் அரசாங்கத் தளம் இது. முந்தைய வேலை வங்கிக்குப் பதிலாக 2018ல் வந்தது. எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு விண்ணப்பிக்கும் பெரும்பாலான நிறுவனங்கள் முன்னதாகக் குறைந்தது 14 நாள் இங்கே விளம்பரம் செய்தாக வேண்டும். சம்பள வரம்பும் போட்டாக வேண்டும். சில இடங்களில் யாரை எடுப்பது என்று முடிவான பிறகு பெயருக்குப் போடப்படும் விளம்பரமும் இருக்கும் என்பது வேலை தேடுவோரின் பழைய புகார். அது எரிச்சல்தான், ஆனால் ஆபத்தில்லை.

ஜாப்ஸ்டிரீட், இன்டீட், லிங்க்டுஇன் போன்ற தனியார் தளங்களில் தளத்தை நம்புவது வேறு, விளம்பரத்தை நம்புவது வேறு. நிறுவனத்தின் பெயரை எடுத்துக்கொண்டு அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் தேடுங்கள். இலவசம்தான். நிறுவனம் பதிவு பெற்றதா, இப்போதும் இயங்குகிறதா என்று தெரிந்துவிடும். பிறகு அந்த நிறுவனத்தின் சொந்த இணையப்பக்கத்தில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு அழைத்து, இப்படியொரு வேலை காலியாக உள்ளதா என்று கேளுங்கள். விளம்பரத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்தால் பயனில்லை. அதை எடுப்பவர் ‘ஆமாம், இருக்கிறது’ என்றுதான் சொல்வார்.

முகவை வழியாக வரும் வேலை என்றால் இன்னும் சுலபம். வேலை நியமன முகவைகள் மனிதவள அமைச்சின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அமைச்சின் இணையத்தளத்தில் முகவைப் பட்டியல் இருக்கிறது. உரிம எண், அங்கே பணிபுரியும் பதிவுபெற்ற முகவர்களின் பெயர், முகவை வாங்கியிருக்கும் குற்றப்புள்ளிகள் என எல்லாவற்றையும் பார்க்கலாம். உரிம எண் கேட்டதும் பேச்சை மாற்றுபவரிடம் தன்விவரக் குறிப்பு கொடுக்க வேண்டாம்.

வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ தானாகத் தேடி வரும் ‘வேலை’ தனி ரகம். காணொளிக்கு விருப்பக்குறி போடுவது, ஹோட்டலுக்கு நல்ல விமர்சனம் எழுதுவது, இணையக் கடையில் பொருள் வாங்குவதுபோல் காட்டுவது என்று தொடங்கும். முதல் இரண்டு நாள் பத்து, இருபது வெள்ளி உண்மையாகவே கணக்கில் வரும். பிறகு பெரிய வேலைக்கு முன்பணம் கேட்பார்கள். 2023ல் காவல்துறைக்கு 9,914 வேலை மோசடிப் புகார்கள் வந்தன. இழப்பு 135.7 மில்லியன் வெள்ளி. 2024ல் புகார்கள் 9,043ஆகக் குறைந்தன, இழப்போ 156.2 மில்லியனாக ஏறியது. ஆளுக்குச் சராசரி 17,000 வெள்ளிக்கு மேல். சம்பளம் தேடி வந்தவர்களின் பணம் இது.

எந்தக் கட்டத்தில் எதைத் தருவது?

தமிழர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஊரில் கல்லூரி முடித்த காலத்தில் எழுதிய ‘பயோடேட்டா’வின் சாயல் நம் தன்விவரக் குறிப்பை விட்டுப் போவதில்லை. தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், திருமணமானவரா, கடப்பிதழ் எண், நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி, மூலையில் ஒரு படம். கடைசியில் ‘மேற்கண்டவை யாவும் உண்மை’ என்று கையொப்பம். இதையெல்லாம் ஒரே பக்கத்தில் போட்டு முகம் தெரியாத ஐம்பது பேருக்கு அனுப்புகிறோம்.

இவற்றில் பெரும்பாலானவை இங்கே தேவையே இல்லை. வயது, இனம், மதம், திருமண நிலை, படம் போன்றவற்றை வேலைக்குத் தொடர்பில்லாமல் கேட்கக் கூடாது என்பதே நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்புக் கூட்டணி முதலாளிகளுக்குக் கூறிவரும் ஆலோசனை. அவர்கள் கேட்கக் கூடாததை நாமாக ஏன் கொடுக்க வேண்டும்? பெயர், கைபேசி எண், மின்னஞ்சல், படிப்பு, அனுபவம் போதும். முகவரிக்கு ‘உட்லண்ட்ஸ்’ என்று போட்டால், வேலையிடத்துக்கு எவ்வளவு தூரம் என்று முதலாளிக்குத் தெரிந்துவிடும். புளோக் எண்ணும் வீட்டு எண்ணும் வேண்டாம். வேலை தேடுவதற்கென்றே ஒரு தனி மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொண்டால், பின்னாளில் குப்பை அஞ்சல் வரும்போது அது எங்கிருந்து கசிந்தது என்று ஊகிக்கவும் முடியும்.

அடையாள அட்டை எண்ணைப் பற்றி நிறையக் குழப்பம். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோரினால் அல்லது ஆளை மிகத் துல்லியமாக உறுதிப்படுத்த வேண்டியிருந்தால் ஒழிய, நிறுவனங்கள் அந்த எண்ணைச் சேகரிக்கக் கூடாது. வேலைக்கு எடுத்த பிறகு மத்திய சேம நிதி செலுத்த முதலாளிக்கு எண் வேண்டும், அது நியாயம். விண்ணப்பம் போடும்போதே பொதுவாக அது தேவைப்படாது. 2024 டிசம்பரில் பிஸ்ஃபைல் தளத்தில் முழு அடையாள அட்டை எண்களும் தேடினால் கிடைக்கும்படி ஆனது. பிறகு அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. அப்போது அதிகாரிகள் விளக்கிய ஒன்றை மறக்கக் கூடாது: அடையாள அட்டை எண் ரகசியக் குறியீடு அல்ல, அதைக் கடவுச்சொல்லாகப் பயன்படுத்தக் கூடாது. அப்படியென்றால், உங்கள் எண்ணைச் சரியாகச் சொல்லும் ஒருவர் அமைச்சிலிருந்தோ கம்பெனியிலிருந்தோதான் பேசுகிறார் என்பதற்கும் அது ஆதாரமல்ல.

எண் வேறு, அட்டையின் படம் வேறு. படத்தில் முகம், பிறந்த தேதி, வீட்டு முகவரி, விரல்ரேகை எல்லாமே இருக்கின்றன. நேர்முகத் தேர்வில் அட்டையை நேரில் காட்டுங்கள், சான்றிதழ்களையும் அப்படியே. நகல் கொடுத்தே தீர வேண்டும் என்றால், அதன் குறுக்கே நிறுவனத்தின் பெயரையும் தேதியையும் எழுதி, ‘இந்த விண்ணப்பத்துக்கு மட்டும்’ என்று குறிப்பிட்டுக் கொடுங்கள்.

வங்கிக் கணக்கு எண் சம்பளத்துக்கு மட்டுமே, வேலை உறுதியான பிறகு. 2016 ஏப்ரல் முதல், முக்கிய வேலை நிபந்தனைகளை முதலாளி எழுத்துவடிவில் தர வேண்டும் என்பது சட்டம். வேலை தொடங்கிய 14 நாளுக்குள் அது உங்கள் கைக்கு வர வேண்டும். தாளில் எதையும் தராமல் கணக்கு எண்ணை மட்டும் அவசரமாகக் கேட்பவர் யார் என்று யோசியுங்கள்.

சிங்பாஸ் கடவுச்சொல், ஒருமுறை பயன்படுத்தும் கடவு எண், வங்கி அட்டை ஆகியவற்றை எந்த முதலாளிக்கும் எந்தக் கட்டத்திலும் தரக் கூடாது. யாரோ அனுப்பிய கியூஆர் குறியீட்டைச் சிங்பாஸ் செயலியில் வருடுவதும் கடவுச்சொல்லைக் கொடுப்பதும் ஒன்றுதான். வருடும்போது எந்தச் சேவைக்குள் நுழைகிறீர்கள் என்று செயலி காட்டும். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று தட்டுமுன் அந்த ஒரு வரியைப் படியுங்கள்.

“கணக்கை மட்டும் கொடுங்கள், மாதம் 500 வெள்ளி” என்று வருவதும் வேலை விளம்பரம் போலத்தான் இருக்கும். அந்தக் கணக்கில் மோசடிப் பணம் ஓடினால், காவல்துறை தேடி வருவது கணக்குக்காரரை. 2024 பிப்ரவரி முதல் சிங்பாஸ் விவரங்களைக் குற்றச்செயலுக்கு உதவும்படி பிறரிடம் கொடுத்தால் 3 ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம். மாணவர்களும் ஓய்வுபெற்றவர்களும் உள்ள வீடுகளில் இதை உட்கார்ந்து பேச வேண்டும்.

கடற்பாலம் கடந்து வருவோருக்கு

ஜோகூரிலிருந்து உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாக வேலைக்கு வருவோரும், தமிழகத்திலிருந்து வேலை தேடுவோரும் பெரும்பாலும் ஃபேஸ்புக் குழுக்களையே நம்புகிறார்கள். அவர்களுக்கு மூன்று விஷயம். வேலை அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பிப்பது முதலாளி அல்லது அவருக்காக முகவை, ஊழியர் அல்ல. கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதத்தில் சம்பளமும் முகவைக் கட்டணமும் குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் கடிதம் உண்மையா என்று அமைச்சின் இணையத்தளத்திலேயே சரிபார்க்கலாம். சிங்கப்பூர் முகவை ஊழியரிடம் வாங்கக்கூடிய கட்டணம், ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். வேலை தருவதற்காக முதலாளியே பணம் வாங்கினால் அது குற்றம். கடிதம் வருவதற்கு முன் ‘கோட்டா பிடிக்க’ என்று பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள்

வெட்கப்பட்டுக்கொண்டு இருப்பதில் நேரம் போகும். வங்கி விவரம் போயிருந்தால் முதலில் வங்கியை அழையுங்கள். கணக்கை உடனே முடக்கும் வசதி எல்லாப் பெரிய வங்கிகளிலும் உண்டு. சிங்பாஸ் கடவுச்சொல்லை மாற்றி, செயலியில் உங்களுக்குத் தெரியாத உள்நுழைவு ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் மட்டும்தான் என்றால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். பணம் போயிருந்தால் காவல்துறையில் புகார் செய்யுங்கள். குழுவில் வந்த செய்தியை அழித்துவிடாதீர்கள், அதுவே சான்று.

பழைய கணக்குகளையும் விட்டுவைக்க வேண்டாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த இணக்கத்தை நீங்கள் திரும்பப் பெறலாம். ஒவ்வொரு நிறுவனத்திலும் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். அவருடைய தொடர்பு விவரம் பெரும்பாலும் இணையப்பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். வேலை கிடைத்த மகிழ்ச்சியில் நாம் திறந்தே விட்டுவந்த தளங்கள் எத்தனை என்று மின்னஞ்சல் பெட்டியில் ‘விண்ணப்பம்’ என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் தேடிப் பார்த்தால் தெரியும். ஒரு சனிக்கிழமை காலை அதற்குப் போதும்.