நூரா: ஒரு பழஞ்சாந்தின் வரலாறு

மனித இயல்பைச் (ஃபித்ரா) சார்ந்த ஐந்து செயல்களை எடுத்துரைக்கும் நபிமொழி ஒன்று, அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவாகியுள்ளது. அவற்றுள் இரண்டு வேண்டாத உரோமங்களைப் பற்றியவை: மறைவிட முடியைக் களைதல், அக்குள் முடியைப் பிடுங்குதல். முன்னதைக் குறிக்கும் ‘இஸ்திஹ்தாத்’ என்னும் சொல், இரும்பு எனப் பொருள்படும் ‘ஹதீத்’ என்பதிலிருந்து பிறந்தது. கத்தியைப் பயன்படுத்துதல் என்பதே அதன் நேர்ப்பொருள். இவற்றை நாற்பது நாள்களுக்கு மேல் விட்டுவைக்கலாகாது என்பது அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு.

எனினும் கத்தி ஒன்றே கருவியாக இருந்ததில்லை. ஹம்மாம் எனப்படும் குளியலகங்களில் ‘நூரா’ என்னும் சாந்து பல நூற்றாண்டுகள் புழங்கியது. சபா நாட்டு அரசியின் பொருட்டு சுலைமான் (அலை) அவர்களுக்காக ஜின்கள் இதனைக் கண்டுபிடித்தனர் என்றொரு கதை விரிவுரை நூல்களில் வருகிறது. அக்கதை அடங்கிய நெடிய அறிவிப்பொன்றை இமாம் இப்னு கஸீர் (மறைவு கி.பி. 1373) ஏற்கவில்லை, வேதக்காரர்களிடமிருந்து வந்த செய்தியாகவே அதனைக் கருதினார்.

நூராவின் செய்முறையை இமாம் இப்னுல் கையிம் (மறைவு கி.பி. 1350) தமது ‘ஸாதுல் மஆத்’ நூலில் தந்துள்ளார். சுண்ணாம்பு இரு பங்கு, ‘ஸர்னீக்’ ஒரு பங்கு. இவற்றை நீரில் குழைத்து, வெயிலிலோ குளியலகத்திலோ பதமாகும்வரை வைத்துப் பூச வேண்டும். ஒரு ‘ஸாஅத்’ பொறுத்துக் கழுவி, வெம்மை தணிய அவ்விடத்தில் மருதாணி இட வேண்டும்.

இப்பகுதியை வகுப்பில் வாசித்தபோது மாணவர் ஒருவர் ‘ஸாஅத்’ என்பதை ‘ஒரு மணி நேரம்’ என்று பெயர்த்தார். இக்கால அரபுக்கு அது பொருந்தும். பண்டைய வழக்கிலோ அச்சொல் சிறு பொழுதையும் குறிக்கும். ‘அது வேலை செய்யும் அளவுக்கு’ என்று ஆசிரியரே அடுத்துத் தெளிவுபடுத்தியிருக்கிறார். அந்த மொழிபெயர்ப்பை நம்பி ஒருவர் மணிக்கணக்கில் பொறுத்திருந்தால் அவருடைய தோல் வெந்து போயிருக்கும். சொற்பிழை உடற்பிழையாகும் இடம் இது.

காரணம் எளிது. ‘ஸர்னீக்’ என்பது நம் நாட்டு மருத்துவர் அறிந்த அரிதாரம். ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த நச்சுப்பொருள். சுண்ணாம்புடன் நீரில் சேரும்போது உண்டாகும் காரமான கந்தகச் சேர்மம், முடியிலுள்ள கெரட்டின் புரதத்தின் பிணைப்புகளை அறுக்கிறது, முடி கூழாகிவிடுகிறது. தோலின் மேற்படலமும் கெரட்டினால் ஆனதே. ஆகவே நேரம் மிகுந்தால் அதுவும் அரிக்கப்படும். புண்பட்ட தோலின் வழியே நஞ்சு உட்புகும்.

முன்னோர் இந்த ஆபத்தை அறியாதவர் அல்லர். 12ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் சலேர்னோ நகரில் தோன்றிய பெண்கள் ஒப்பனை பற்றிய இலத்தீன் நூலிலும் சுண்ணாம்பும் அரிதாரமும் சேர்ந்த இதே சாந்து இடம்பெறுகிறது. முதலில் ஓர் இறகை அதில் தோய்த்துப் பதம் பார்க்கவும், உடலில் நெடுநேரம் விட்டுவைக்காதிருக்கவும் அந்நூல் எச்சரிக்கிறது.

அவ்வாறாயின், குறிப்பிட்ட வழிமுறையைத்தான் பின்பற்ற வேண்டுமா? இமாம் ஷாஃபிஈ (மறைவு கி.பி. 820) அவர்கள் அக்குள் முடியை நாவிதரைக் கொண்டு மழித்துக்கொண்டிருந்ததை மாணவர் யூனுஸ் இப்னு அப்துல் அஃலா கண்டார். பிடுங்குவதே சுன்னத் என அறிந்திருந்தும் அவ்வலியைத் தம்மால் தாங்க இயலவில்லை என்று இமாமவர்கள் விளக்கமளித்தார்கள். இதனைப் பதிவு செய்யும் இமாம் நவவீ (மறைவு கி.பி. 1277), மறைவிட முடியை மழிப்பது சிறப்பென்றாலும் கத்தரித்தல், பிடுங்குதல், நூரா பூசுதல் ஆகியனவும் கூடும் என்கிறார். நோக்கம் தூய்மை, வழி அவரவர் உடல் தாங்கும் அளவு.

இன்றைய முடிநீக்கும் களிம்புகளிலும் சுண்ணாம்பின் காரம் உண்டு. அரிதாரத்தின் இடத்தைத் தயோகிளைகோலேட் உப்புகள் பிடித்துக்கொண்டன. ஆயினும் பழைய எச்சரிக்கைகள் காலாவதியாகவில்லை. முதல்நாளே சிறிதளவு தோலில் தடவிச் சோதிப்பதும், உறையில் குறித்த நிமிடங்களைக் கடவாதிருப்பதும், புண்ணுள்ள இடத்தையும் அந்தக் களிம்புக்கு உரியதல்லாத இடத்தையும் தவிர்ப்பதும் கட்டாயம். மழிப்போர் தமக்கெனத் தனிக் கத்தி வைத்துக்கொள்வதும், தோலை நனைத்து மென்மையாக்கிக்கொள்வதும் நலம். பழைய நூலைப் பார்த்து அரிதாரம் வாங்கி வீட்டில் குழைப்பது அறவே கூடாது. முன்னோரிடம் நாம் கற்க வேண்டியது அவர்கள் குழைத்த சாந்தையன்று. பூசுமுன் பதம் பார்த்த அந்த எச்சரிக்கையை.