வட்டுக்கோட்டைக்கு வழி

கறம்பக்குடிக்காரர்களுக்குப் பட்டுக்கோட்டை பக்கத்து ஊர். பேச்சு தடம் மாறினால், "பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்கிறாயே" என்று மடக்குவது இங்கே எல்லோருக்கும் பழக்கம். கடல் தாண்டிப் போனால் யாழ்ப்பாணத்தார் இதே பழமொழியை வட்டுக்கோட்டையின் பேரில் சொல்கிறார்கள். எது அசல், எது நகல் என்ற வழக்கை இன்று எடுக்க வேண்டாம். நாம் வட்டுக்கோட்டைக்குத்தான் போகப்போகிறோம். ஆனால் புறப்படுவது நம்மூர் போட்டோ ஸ்டூடியோவிலிருந்து.

ஸ்டூடியோச் சுவரில் ஒரு படம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். கருப்பு அங்கி, தட்டைத் தொப்பி, கையில் சுருட்டிய காகிதம், பின்னால் நீலத் திரை. வீட்டின் முதல் பட்டதாரி. நம்மூர் வெயிலுக்குக் கொஞ்சமும் பொருந்தாத அந்த அங்கி எங்கிருந்து வந்தது? குளிரில் நடுங்கிய ஐரோப்பியப் பாதிரிமாரிடமிருந்து. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பாரிஸிலும் ஆக்ஸ்போர்டிலும் படிக்கப் போனவர்கள் திருச்சபையின் ஆட்களாகவே எண்ணப்பட்டார்கள். அதனால் உடையும் அவர்களுடையதாக ஆயிற்று. அங்கியோடு கூடவே இன்னொரு வழக்கமும் பிறந்தது. பாடம் யார் வேண்டுமானாலும் சொல்லித்தரலாம். பட்டம் கொடுக்க மட்டும் ஒரு சாசனம் வேண்டும். அதைப் போப்பாண்டவர் தரவேண்டும், அல்லது அரசர் தரவேண்டும். 1231-ல் போப் ஒன்பதாம் கிரகோரி பாரிஸ் பல்கலைக்கழகத்துக்குத் தந்த ஆணை இதில் பேர்போனது. இந்தச் சாசனத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையில் பள்ளிக்கூடம் ஒரு பக்கம் போகும், சாசனம் இன்னொரு பக்கம் போகும். இரண்டும் சந்திக்க ரொம்ப நாளாகும்.

அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர்கள் காடு திருத்திய கையோடு கல்லூரி கட்டினார்கள், அதுவும் போதகர்களை உருவாக்க. 1636-ல் ஹார்வர்ட். 1701-ல் கனெக்டிகட்டில் போதகர்கள் சிலர் சேர்ந்து இன்னொன்று தொடங்கினார்கள். கையில் காசில்லை. லண்டனில் ஒரு பணக்காரர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, கல்லூரிக்கு உங்கள் பேரையே வைக்கிறோம் என்று ஆசை காட்டிக் கடிதம் போட்டார்கள். அந்தப் பணக்காரர் எலிஹு யேல். சென்னை ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்து, சொந்த வியாபாரத்தில் செல்வம் குவித்து, புகார்களுக்கு ஆளாகி 1692-ல் பதவி இழந்தவர். 1718-ல் அவர் அனுப்பியவை ஒன்பது பொதிச் சரக்கு, 417 புத்தகங்கள், ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்று. சரக்கை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. யேல் பல்கலைக்கழகத்தின் பேருக்குப் பின்னால் இருப்பது சோழமண்டலக் கரையில் சம்பாதித்த காசு. நம் நெசவாளர்களுக்கு இந்த விவரம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

அடுத்தது ஒரு வைக்கோல்போர். 1806-ல் மசாசூசெட்ஸில் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐந்து பேர் வெட்டவெளியில் ஜெபம் செய்யப் போனார்கள். இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் ஒரு போரடியில் ஒதுங்கினார்கள். மழை விடுவதற்குள், ஆசியாவுக்கு ஊழியத்துக்குப் போவது என்று முடிவாகிவிட்டது. நான்கு ஆண்டில் அதிலிருந்து அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கம் கிளைத்தது. 1812-ல் முதல் குழு கல்கத்தாவில் இறங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனி, வந்த கப்பலிலேயே திரும்பிப் போங்கள் என்றது. அவர்களில் சாமுவேல் நியூவெல் என்பவர் கர்ப்பிணி மனைவியோடு மொரீஷியசுக்குக் கப்பலேறினார். பிறந்த குழந்தை இறந்தது. மனைவி ஹாரியட்டும் பத்தொன்பது வயதில் அங்கேயே இறந்தார். தனி ஆளாக அவர் வந்து சேர்ந்த இடம் இலங்கை. அது கம்பெனியின் கையில் இல்லை, ஆங்கில அரசின் கையில் இருந்தது. கவர்னரும் முகம் சுளிக்கவில்லை. யாழ்ப்பாணம் நல்ல இடம் என்று நியூவெல் ஊருக்கு எழுதினார். 1816-ல் அமெரிக்கர்கள் வந்திறங்கினார்கள். வட்டுக்கோட்டையில் குடியேறியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ், அந்த வைக்கோல்போரடியில் நனைந்த ஐவரில் ஒருவர். இன்னொருவர் பெஞ்சமின் மெய்க்ஸ், யேல் கல்லூரியில் படித்தவர். சோழமண்டலத்துச் சரக்கு உலகத்தைச் சுற்றிக்கொண்டு பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

1823-ல் இவர்கள் ஒரு திட்டத்தை அச்சிட்டு வெளியிட்டார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரி; அதில் தமிழ் இலக்கியம், சமஸ்கிருதம், ஆங்கிலம், கணிதம், வானசாஸ்திரம், எல்லாம் உண்டு. அதற்குக் குறுக்கே நின்றவர் இலங்கையை ஆண்ட எட்வர்ட் பார்ன்ஸ். அவருக்கு அமெரிக்கர்கள் என்றாலே ஆகாது. 1820-ல் அச்சு இயந்திரத்தோடு வந்த ஜேம்ஸ் காரெட் என்ற அச்சுக்காரரை நாட்டைவிட்டே அனுப்பியவர் அவர். அச்சு இயந்திரம் இருந்தது, அச்சுக்காரர் போய்விட்டார். கல்லூரிக்கும் அனுமதி கிடைக்கவில்லை. சரி, கல்லூரி என்ற பேர்தானே கூடாது என்று பள்ளிக்கு செமினரி என்று பேர் வைத்துக்கொண்டு பாடத்தைத் தொடங்கிவிட்டார்கள். டேனியல் பூர் தலைவர்.

அதே சமயம் வங்காளத்தில் இதற்கு நேர்மாறான கூத்து. நம் தரங்கம்பாடிக்கு உடன்பிறப்பு செராம்பூர்; இரண்டும் டென்மார்க் அரசரின் ஊர்கள். கம்பெனி இடம் கொடுக்க மறுத்த வில்லியம் கேரியும் நண்பர்களும் செராம்பூரில் ஒதுங்கி 1818-ல் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். செருப்புத் தைத்துப் பிழைத்தவர் கேரி. அவருடைய தோழர் மார்ஷ்மன் கோபன்ஹேகன் வரை போய், 1827-ல் ஆறாம் பிரெடரிக் அரசரிடம் பட்டம் வழங்கும் சாசனத்தையே வாங்கிவிட்டார். இந்தியாவில் யாருக்கும் அதுவரை வாய்க்காத அதிகாரம்! ஆனால் கையில் கிடைத்ததை அவர்கள் பயன்படுத்தவில்லை. 1845-ல் டென்மார்க் செராம்பூரையும் தரங்கம்பாடியையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றபோது, சாசனம் செல்லும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தார்கள். அப்புறமும் அது பெட்டிக்குள்தான் இருந்தது. முதல் மூன்று பேர் இறையியல் பட்டம் வாங்கியபோது ஆண்டு 1915. எண்பத்தெட்டு வருஷம்! செராம்பூரில் சாசனம் இருந்தது, பட்டம் இல்லை. வட்டுக்கோட்டையில் பட்டத்துக்குத் தகுதியான படிப்பு இருந்தது, சாசனம் இல்லை.

வட்டுக்கோட்டையின் படிப்பு லேசுப்பட்டதல்ல. 1829 மார்ச்சில் சந்திர கிரகணம் ஒன்று வந்தது. ஊர்ப் பஞ்சாங்கம் சொன்ன நேரத்துக்கும் டேனியல் பூர் கணக்கிட்ட நேரத்துக்கும் வித்தியாசம். விஷயம் ஊருக்குள் பரவி, யார் சொன்னது சரி என்று ஜனங்கள் இரவு வானத்தைப் பார்த்து நின்றார்கள். பூர் சொன்னபடியே கிரகணம் பிடித்தது. பஞ்சாங்கத்தைத் தோற்கடித்தால் சைவமும் தோற்றுவிடும் என்று பூர் நினைத்திருப்பார் போலும். பிள்ளைகள் கணிதத்தை எடுத்துக்கொண்டார்கள், திருநீற்றைப் பலர் விடவில்லை.

பேர் வைக்கும் வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவில் ஒருவர் ஒரு பையனின் செலவை ஏற்றால் அவனுக்குத் தாம் விரும்பிய பேரைச் சூட்டலாம். இப்படித்தான் தமிழில் பீஜகணித நூல் எழுதியவர் கரோல் விசுவநாதபிள்ளை ஆனார். தமிழில் நியாய இலக்கணம் எழுதியவர் வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை ஆனார். புலவர்களின் வரலாற்றைப் 'பாவலர் சரித்திர தீபகம்' என்று தொகுத்தவர் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை ஆனார். இலங்கையில் காலனிச் செயலராக இருந்த எமர்சன் டெனண்ட், இந்தச் செமினரி ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு வைத்து எண்ணத்தக்கது என்ற கருத்தில் 1850-ல் எழுதினார். கல்லூரி என்ற பேரைக்கூடத் தர மறுத்த அதே அரசின் பெரிய அதிகாரி!

ஆனால் இடி வந்தது அரசிடமிருந்து அல்ல, பாஸ்டனிலிருந்து. அமெரிக்கன் போர்டின் செயலர் ரூஃபஸ் ஆண்டர்சன் 1855-ல் நேரில் வந்து பார்த்தார். ஆங்கிலம் படித்த பையன்கள் சபைக்கு ஊழியம் செய்யாமல் கச்சேரி உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்பது அவருடைய கவலை. தாய்மொழியில் வேதம் படித்தால் போதும் என்றார். செமினரி மூடப்பட்டது. என் பார்வையில் அவர் முழு மூடரல்ல. தாய்மொழிக் கல்வி என்ற பாதிச் சங்கதியில் அவர் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் ஓடுகிற நல்ல வண்டியின் அச்சாணியைப் பிடுங்கிவிட்டார்.

இதே ஆண்டர்சனோடு இஸ்தான்புல்லில் மோதியவர் சைரஸ் ஹாம்லின். கிரிமியப் போரின்போது ஆங்கிலப் படைக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தும் துணி வெளுத்துக் கொடுத்தும் சம்பாதித்த பாதிரியார் அவர். ஆங்கிலம் கூடாது என்றதும் மிஷனை உதறிவிட்டு, 1863-ல் ராபர்ட் கல்லூரியைத் தொடங்கினார். மூன்று ஆண்டில் பெய்ரூட்டிலும் அதே அச்சில் ஒன்று. இன்று அது அமெரிக்கப் பல்கலைக்கழகம். அவர்கள் சாசனத்துக்கு உள்ளூர் சுல்தானை நம்பவில்லை, நியூயார்க் மாகாணத்திடம் வாங்கிக்கொண்டார்கள். கெட்டிக்காரர்கள். வட்டுக்கோட்டைக்காரர்களுக்கு இந்த யோசனை தோன்றாமல் போனது.

மூடிய இரண்டாம் ஆண்டு, 1857. சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது, லண்டனைப் பார்த்துப் போட்ட நகல். அது பாடம் நடத்தவில்லை. பரீட்சை வைத்துப் பட்டம் கொடுத்தது, அவ்வளவுதான். முதல் பி.ஏ. பட்டம் வாங்கியவர்கள் இரண்டே பேர். ஒருவர் கரோல் விசுவநாதபிள்ளை. மற்றவர் சிறுப்பிட்டி வைரவநாதர் மகன் சி. வை. தாமோதரம்பிள்ளை. இரண்டு பேருமே அந்த மூடிய செமினரியின் பிள்ளைகள்! பீட்டர் பெர்சிவல் பாதிரியார் நடத்திய 'தினவர்த்தமானி' பத்திரிகையில் வேலை செய்யச் சென்னை வந்தவர் தாமோதரம்பிள்ளை. பின்னாளில் தொல்காப்பியப் பகுதிகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். கலித்தொகை வெளிவந்த 1887-ல் அவர் வேறொரு வேலையையும் ஏற்றார்: புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதி. கறம்பக்குடிப் பக்கத்து வரப்புத் தகராறு ஒன்றிரண்டு அவர் மேசைவரை போயிருந்தால் ஆச்சரியமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரி நம்மூர்ச் சண்டைக்குத் தீர்ப்பு எழுதினார் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான், ஆனால் சாட்சி இல்லை.

பெர்சிவல் பாதிரியாரிடம் வேலை பார்த்த இன்னொருவரும் உண்டு. பைபிளை அழகான தமிழில் பெயர்க்க அவருக்குக் கைகொடுத்த ஆறுமுக நாவலர். மிஷனின் வித்தைகளை எல்லாம் உள்ளேயிருந்து பார்த்தவர். பள்ளி, அச்சுக்கூடம், பிரசங்கம், வினாவிடைப் புத்தகம், அனைத்தையும் அப்படியே எடுத்துச் சைவத்துக்குத் திருப்பினார். 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை, 1864-ல் சிதம்பரத்திலும் ஒன்று. அதே சிதம்பரத்தில், நம் சமஸ்தானத்துக்கு அண்டையான செட்டிநாட்டிலிருந்து போன அண்ணாமலைச் செட்டியார் 1920-ல் மீனாட்சி கல்லூரி தொடங்கினார். 1929-ல் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். சபைகள் நூறாண்டாகத் துரத்திய சாசனம் செட்டியாருக்கு ஒன்பதே ஆண்டில் வந்து சேர்ந்தது.

சபைகள் கல்லூரிகளோடு திருப்திப்பட்டன. பிரெஞ்சு சேசு சபையார் 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கியதை 1883-ல் திருச்சிக்கு மாற்றினார்கள். அதுதான் புனித வளனார் கல்லூரி. அமெரிக்கர்கள் பசுமலையில் 1881-ல் தொடங்கியது பின்னர் மதுரைக் கோரிப்பாளையத்துக்குப் போய் அமெரிக்கன் கல்லூரியாக நிலைத்தது. இடம் மாற்றினார்கள், கட்டடம் எழுப்பினார்கள், விடுதி வைத்தார்கள், மணி கட்டினார்கள். பட்டம் மட்டும் சென்னையிலிருந்து வந்தது. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்ற புறவாசலை 1956-ன் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் திறந்துவைத்தது. 2004-ல் கோவைக் காருண்யாவும் 2008-ல் பெங்களூர்க் கிறைஸ்ட் கல்லூரியும் அதன் வழியாகத்தான் உள்ளே போயின.

வட்டுக்கோட்டையில் ஊரார் கேட்டுக்கொண்டே இருந்ததால் 1872-ல் செமினரி இருந்த இடத்திலேயே யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. 1974-ல் யாழ்ப்பாணத்துக்குப் பல்கலைக்கழக வளாகம் தருவதென்று இலங்கை அரசு முடிவு செய்தபோது, அறிவியல் வகுப்புகளை முதலில் அந்தக் கல்லூரியின் பட்டப்படிப்புக் கட்டடங்களில்தான் நடத்தினார்கள். வட்டுக்கோட்டைக்கு வழி கேட்டு 151 வருஷம் ஆகியிருந்தது.

இனி ஸ்டூடியோவுக்குத் திரும்பலாம். கறம்பக்குடியிலிருந்து திருச்சிக்குப் போய் சேசு சபையாரிடம் மூன்றாண்டு படித்தவர் கையில் இருக்கும் பட்டத்தில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் முத்திரை. மதுரை அரசரடியில் இறையியல் படித்துப் போதகர் ஆகிறவருக்கு வருவது செராம்பூர் முத்திரை. இந்தியாவை ஒருநாளும் பார்க்காத டேனிஷ் அரசர் ஒருவர் 1827-ல் கையெழுத்துப் போட்ட அதிகாரம். படம் எடுக்கும்போது இரண்டு பேருக்கும் ஸ்டூடியோக்காரர் மாட்டிவிடுவது ஒரே கருப்பு அங்கியைத்தான்.